கவருல மிச்சமிருந்த அட்டைங்க

வாங்க அம்மிணி, உள்ள வாங்க. செருப்ப அங்கயே உட்டுருங்க. இந்தச் சேருல உக்காருங்க, அந்தச் சேருக்குக் காலு ஆடும். கழுத்துல அட்டை மாட்டியிருக்கறதப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டனுங்க, கடன் ஆலோசனை மையத்து ஆளுன்னு. கோயமுத்தூர் ஆபீஸுங்களா? வெண்ணிலா மேடத்துக்கு மேல நீங்கதானா? மேல இல்லீங்களா, வேற செக்சனா. செரி, என்னமோ ஒண்ணு. எழுதிக்கிட்டுப் போயி மேல குடுக்கற ஆளுதான? எனக்கு அது போதும்.

எதிர் ஊட்டுக்குப் போயிட்டீங்களா? பூட்டிக் கெடக்குதா. ஆமா, பூட்டித்தான் கெடக்கும். நாகமணி கம்பெனிக்குப் போயிட்டா. பனியன் கம்பெனில செக்கிங்குங்க, ஓவர்டைம் முடிச்சுட்டுத்தான் வருவா. நல்லதாப் போச்சு. மொதல்ல எங்கிட்டக் கேட்டுக்கிட்டீங்கன்னா, அப்பறமேட்டு அவ என்ன சொன்னாலும் உங்களுக்கு ஒரு நெதானம் இருக்கும்.

என்ன கேள்வி அது, படிங்க பாக்கலாம். 'இலவசக் கடன் ஆலோசனைச் சேவையை மேம்படுத்த உங்கள் கருத்து.' நெம்ப நல்ல கேள்விங்க. இதுக்குத்தான் நானும் காத்துக்கிட்டு இருந்தேன். எழுதிக்குங்க. எழுத எடம் பத்துமா? நாலு கோடுதான் போட்டிருக்குது. பின்னாடியும் எழுதிக்குங்க.

நானு இந்த வீதிக்குப் பதினோரு வருசமா குழுத் தலைவிங்க. தெய்வானைன்னு கேட்டா ரேசன் கடை வரைக்கும் தெரியும். செவ்வாய்க்கெழம காத்தால ஏழு மணிக்கு இந்த வாசல்லதான் மீட்டிங்கு. வாரத் தவணை வாங்க வர்ற லோன் சாருங்க வண்டிய நிறுத்தும்போது பாய் விரிச்சு, இருவது பொம்பளைங்களும் வரிசையா உக்காந்திருக்கோணும். உறுதிமொழி நானுதான் சொல்லுவேன், அவளுக திருப்பிச் சொல்லுவாளுங்க. யாரு வரலை, யாரு கட்டலை, யாரு ஊட்டுல என்ன வெசனம், அத்தனையும் எனக்குத் தெரிஞ்சுதான் நடக்கும். நான் சொல்லாம இந்த வீதில ஒருத்தி புதுசா லோனுக்குப் போட்டோ எடுத்திருக்க மாட்டா. அத்தனை மருவாதி.

அப்படி இருக்கறப்ப, போன ஐப்பசில உங்க மையம் வந்துச்சு. வெண்ணிலா மேடம் மொதமொதல்ல வந்து நின்னது இந்த வாசல்லதானுங்க. "அக்கா, நீங்கதான் தலைவின்னு சொன்னாங்க. கடன்ல கஷ்டப்படறவங்களுக்கு இலவசமா வழி சொல்லித் தர்றோம். உக்காந்து பேச ஒரு எடம் வேணும்"னா. சின்னப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும். எனக்குப் புடிச்சுப் போச்சு. "ஏஞ்சாமி, என்ற ஊட்டுலயே உக்காரு"ன்னு சொல்லிட்டேன். வாடகை கேட்டனா? ஃபேனுக்குக் கரண்டுக் காசு கேட்டனா? ஒரு நாளைக்கு நாலு டீ. எழுதிக்குங்க அதையும்.

அது மட்டுமில்லீங்க. மொத நாளு அவ வர்றதுக்கு முன்னாடியே நானு அல்லாத்தையும் கூப்புட்டு உக்கார வெச்சு, என்ன சொல்லோணும்னு சொல்லிக் குடுத்துட்டேன். காயிதம் பேனாவோட ஒரு ஆளு வந்தா எப்படிப் பேசோணும்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? பதினோரு வருசமா பேசறோம். லோன் சாரு ஊட்டப் பாக்க வருவாருல்ல, அப்ப சொல்றதையே சொல்லச் சொன்னேன். மாடு ரெண்டு இருக்குது, தையல் மிசினு இருக்குது, மாச வருமானம் இருவத்தஞ்சாயிரம், ஊட்டுக்காரரு குடிக்க மாட்டாரு. சுத்தமா சொன்னாளுங்க. ஒருத்தி தடுமாறுல. அந்தக் கோடி ஊட்டுச் செவலை மாட்ட மட்டும் மூணு பேரு என்றதுன்னு சொல்லிட்டாளுங்க, அது ஒண்ணுதான் கொஞ்சம் பெசகிப்போச்சு.

மூணு வாரம் இப்படியே போச்சுங்க. வெண்ணிலா எழுதி எழுதிப் பாத்துட்டு, ஒருநா பேனாவ மூடி வெச்சுட்டுக் கேட்டா: "ஏங்க்கா, இந்த வீதில யாருக்குமே ஒரு கஷ்டமும் இல்லியே, அப்பறம் எதுக்குக் கடன் ஆலோசனைக்கு வந்தீங்க?"

அதுக்கு ஒருத்தி, "தலைவியக்கா வரச் சொன்னாங்க"ன்னுட்டா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. வெண்ணிலா என்னையப் பாத்துச் சிரிச்சா. அது நல்ல சிரிப்புன்னுதான் நெனைச்சேன்.

அடுத்த வாரம் ஆளக் காணோம். கேட்டா, எடத்த மாத்திட்டாளாம். ரேசன் கடைக்கு மேல ரூம்பு. ஞாயித்துக்கெழம காத்தால மட்டும், கம்பெனிக்குப் போற பொம்பளைங்களுக்குத் தோதா இருக்கட்டும்னு. அதுகூடப் பரவால்லீங்க. கதவச் சாத்திக்கிட்டுத்தான் பேசுவாளாம். ஒருத்தரா ஒருத்தராத்தான் போகோணுமாம். பேரச் சொல்லிக் கூப்புட மாட்டாங்களாம், டோக்கன் நம்பராம். நானு மொத ஞாயித்துக்கெழம அவளுகள்ல நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் படியேறுனா, வெண்ணிலா வாசப்படில நின்னு சொல்றா: "அக்கா, நீங்க கீழ இருங்க. அவங்கவங்க தனியா வரட்டும். உள்ள பேசறது வெளிய போகாது, அதான் இங்க விதி."

என்றகிட்டப் போகாதாமா! நானு என்ன வெளியாளுங்களா? ஒருத்தி மனசுல இருக்கறத இன்னொருத்தி சொல்றதுக்குத்தான தலைவின்னு ஒருத்தி. நானு உள்ள இருந்தா அவளுகளுக்குத் தெகிரியமா இருக்காதா? கீழ ரேசன் கடை வாசல்ல, மண்ணெண்ணெ டின்னு மேல உக்காந்திருந்தனுங்க, ஒண்ணரை மணி நேரம். போறவங்க வாரவங்கெல்லாம், "என்ன தலைவியக்கா, கீழ உக்காந்திருக்கீங்க"ன்னு கேக்கறாங்க. என்ற வாசல்ல டீ குடிச்சவ என்னையப் படிக்குக் கீழ உக்கார வெச்சுட்டா. கருத்துன்னு கேட்டீங்கல்ல, மொதக் கருத்து இதான். எழுதிட்டீங்களா?

இப்ப நாகமணி நாயத்துக்கு வாரேன். அதச் சொல்லாம இது புரியாது.

பத்தொம்பது வருசமா எதிரெதிர் ஊடுங்க. எனக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் பண்ணுனப்ப பதினோரு நாளு கம்பெனிக்கு லீவு போட்டு என்ற பக்கத்துல இருந்தா. அவ ஊட்டுக்காரன் அவள உட்டுட்டுப் போனப்ப, இந்த ஊட்டுச் சோறுதான் ரெண்டு மாசம். அவ புள்ள கவிதா என்னையப் பெரியம்மான்னுதான் கூப்புடும். பெரியம்மா ஸ்தானத்துல நின்னு சீரு செஞ்சவ நானு. கூடப் பொறந்தவகிட்டக்கூட நான் அப்படி இருந்ததில்லீங்க. இதையெல்லாம் ஏஞ்சொல்றேன்னா, அன்னியாளு ஒருத்தி செஞ்சிருந்தா எனக்கு இத்தனை வலி இல்லை.

மூணு வருசத்துக்கு முன்னாடி என்ற ஊட்டுக்காரரு சொந்தமா பனியன் தைக்கற செட்டுப் போடோணும்னு சொன்னாரு. ஓவர்லாக் மிசினு ஒண்ணு, பிளாட்லாக் ரெண்டு. அதோ பாருங்க, ஜன்னலு வழியாத் தெரியுதா, நீலத் தார்ப்பாயி மூடிக் கெடக்குது. அதேதான். என்ற பேருல ஏற்கெனவே அஞ்சு லோனு ஓடுது, இதுக்கு மேல குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அப்ப என்ன பண்ணுவாங்க? எல்லாக் குழுவுலயும் பண்றதுதான். பேரு கேக்கறது. "நாகமணி, நீ ஒரு கையெழுத்துப் போடு புள்ள, பணம் எனக்கு, தவணை நானு கட்டிக்கறேன்"னு சொன்னேன். அஞ்சு நிமிசத்துல போட்டுட்டா. ஆதார் அட்டையக் கையில புடிச்சுக்கிட்டுப் போட்டோவுக்குச் சிரிச்சா வேற. ரெண்டு லோனு. பேரு தானுங்க குடுத்தா, பணமா குடுத்தா?

ஒண்ணேகால் வருசம், ஒரு செவ்வாய்க்கெழம தப்பாமக் கட்டுனேன். அவ லோன் அட்டைகூட அவகிட்ட இல்ல, எங்கிட்டத்தான். துணிக்கடைக் கவரு ஒண்ணுல போட்டு வெச்சிருக்கேன், என்றது அவளுது எல்லாம் ஒண்ணா. அவளுக்கு எதுக்கு அந்தத் தலைவலின்னுதான்.

அப்பறம் எங்களுக்கு வேலை குடுத்துக்கிட்டு இருந்த கம்பெனி ஆர்டர நிறுத்திப்போட்டாங்க. எங்களுக்கு மட்டுமில்ல, அந்தப் பக்கம் நாப்பது செட்டுக்கு. மிசினு நின்னா தவணை நின்னுபோகும், இது சின்னப் புள்ளைக்கும் தெரியும். நானு யாரையும் ஏமாத்துலீங்க அம்மிணி. ஏமாத்தறது வேற, கட்ட முடியாமப் போறது வேற. என்ற பேருல இருக்கறத மட்டும் எப்படியோ பொரட்டிக் கட்டிக்கிட்டு வந்தேன். தலைவியே கட்டுலைன்னா குழு நிக்குமா? அதனால என்றத மொதல்ல கட்டுனேன். அது குழுவுக்காகத்தான்.

நாகமணி ஊட்டுக்கு லோன் சாருங்க வந்து உக்காந்தாங்க. அதுக்கு நானு என்ன பண்றது? அட்டைல அவ பேருதான இருக்குது. காத்தால வந்து உக்காந்தா பொழுதுக்கும் உக்காந்திருப்பாங்க, அவ கம்பெனிக்குப் போக முடியாது. நானு சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்னு நெனைக்காதீங்க. அவிங்களுக்கு டீ போட்டுக் குடுத்து உட்டதே நானுதான். டீ குடிச்சா மனசு கொஞ்சம் எளகுவாங்கல்ல. அவ சம்பளத்துல இருந்து கொஞ்சம் கட்டுனா, கம்பெனில அட்வான்ஸ் வாங்கிக் கொஞ்சம் கட்டுனா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வாசல்ல பாத்தா, "சாப்பிட்டீங்களாக்கா"ம்பா. நானும் "ஆச்சு புள்ள"ம்பேன். அவ்வளவுதான். அவ மனசு தங்கம்னு நெனைச்சனுங்க. உள்ளுக்குள்ள இப்படி வெச்சிருப்பான்னு யாரு கண்டா?

இதுக்கு நடுவால மார்கழி மாசம் வெண்ணிலாவே என்ற ஊட்டுக்கு வந்து, "அக்கா, அல்லாரையும் வரச் சொன்னீங்க, நீங்களும் ஒருக்கா வாங்களே"ன்னா. எனக்கு மனசு எளகிப் போச்சு. இப்பவாவது மருவாதி தெரிஞ்சுதேன்னு கவர எடுத்துக்கிட்டுப் போனேன். டோக்கன் ஒம்போது.

உள்ள நல்லாத்தாங்க பேசுனா. பொய் சொல்லக் கூடாது பாருங்க. "இருக்கற அட்டையெல்லாம் மேசை மேல வைங்க"ன்னா. என்ற பேருல இருந்த அஞ்சையும் எடுத்து வெச்சேன். எதுக்கு மொதல்ல கட்டறது, எதுக்குத் தவணையக் கொறைக்கச் சொல்லிக் கேக்கறது, ஊட்டுக்கு வந்து மெரட்டுனா எந்த நம்பருக்குப் போன் பண்றதுன்னு பொறுமையாச் சொன்னா. இத்தனை வருசத்துல ஒருத்தரும் எனக்கு அப்படிச் சொன்னதில்ல. ஒரு ரூவா வாங்குல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மிசின வித்துரலாமாக்கான்னு கேட்டா. அது வேண்டாம்னு சொல்லிட்டேன்.

அப்பறம் கவரப் பாத்தா. கவரு தடிப்பாத்தான் இருந்துச்சு. "கவருல இன்னும் ஏதாவது இருக்குதாக்கா?"ன்னா. "இல்ல சாமி"ன்னேன். டீ ஊத்திக் குடுத்துட்டு மறுக்காக் கேட்டா: "வேற யாரு பேருலயாவது எடுத்தது, நீங்க கட்ட வேண்டியது, அப்படி ஏதாவதுங்க்கா?" நானு, "அதெல்லாம் நம்மகிட்டக் கெடையாது கண்ணு"ன்னேன். அவ பேருல இருக்கறது அவ கடன்தானுங்களே, சட்டப்படி? அட்டையப் பாருங்க யாரு பேருன்னு. நானு எந்திரிச்சுக் கதவுகிட்டப் போனப்பறம் மூணாந்தடவையும் கேட்டா. "எப்பத் தோணுனாலும் கவரோட வாங்கக்கா. நான் எதுவும் நெனைச்சுக்க மாட்டேன்"னா. நானு சிரிச்சுக்கிட்டே படியெறங்கி வந்துட்டேன்.

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன். உங்களுக்கு வேணுமா? மோரு இருக்குது.

போன ஞாயித்துக்கெழம மத்தியானம். சோத்துக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருக்கேன். நாகமணி வந்து நிக்கறா, கையில கவிதாவோட பள்ளிக்கூட ஃபைலு. புள்ளைக்கு நர்ஸிங் காலேஜுல சீட்டு கெடைச்சிருக்குதுன்னு முந்தின வாரமே கேள்விப்பட்டேன். லட்டு குடுக்க வாரான்னு நெனைச்சுக் கையத் தொடைச்சுக்கிட்டு வந்தனுங்க. ஒரு காயிதத்த நீட்டுனா.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து வேணும்."

"என்ன புள்ள இது?"

"படிப்பு லோனுக்குப் பாங்குல போயிக் கேட்டேனுங்க. கம்ப்யூட்டர்ல என்ற பேரப் போட்டுப் பாத்துட்டு, ரெண்டு கடன் கட்டாம நிக்குது, உங்க புள்ளைக்குக் குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பணத்த நீங்க வாங்குனதுன்னு இதுல எழுதியிருக்குது. நீங்க கையெழுத்துப் போட்டா, மையத்துல இருந்து லோன் கம்பெனில பேசி, உங்களால முடிஞ்ச தவணையா மாத்திப் போட்டு, பாங்குக்கு ஒரு லெட்டரு வாங்கித் தாரோம்னாங்க. வெள்ளிக்கெழம ஃபீஸு கட்டோணுமுங்க்கா."

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. "உனக்கும் எனக்கும் நடுவால காயிதமா புள்ள?"ன்னு கேட்டேன்.

அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? "நமக்கு நடுவால மூணு வருசமாக் காயிதந்தானுங்க்கா இருக்குது. அதுல என்ற பேரு மட்டும் இருக்குது. இதுல உங்க பேரும் இருக்கட்டும்னுதான் கேக்கறேன்."

அது அவ பேச்சே இல்லீங்க! பத்தொம்பது வருசத்துல அவ அப்படி ஒரு வார்த்தை பேசுனதில்ல. யாரோ சொல்லிக் குடுத்த பேச்சு. ஒரு பொம்பளைக்கு என்ன பேசோணும்னு சொல்லிக் குடுத்து அனுப்பறது எத்தனை பெரிய பாவமுங்க!

"எப்பப் போன அந்த மையத்துக்கு?"ன்னு கேட்டேன். "கார்த்திகைலயே போனேனுங்க. நாலு தடவ போயிட்டேன்"னா.

கார்த்திகை, அம்மிணி. நானு போனது மார்கழி. புரிஞ்சுதுங்களா உங்களுக்கு? அந்த வெண்ணிலாவுக்கு எல்லாமே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு, டீ ஊத்திக் குடுத்துக்கிட்டு, கவருல என்ன இருக்குதுன்னு மூணு தடவ கேட்டிருக்கா. நானு மூணு தடவையும் இல்லைன்னு சொல்ல, கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. அதுக்கு என்னைய நேரா, 'நாகமணி சொல்லிட்டா, பொய் சொல்லாதீங்க'ன்னு கன்னத்துல அறைஞ்சிருக்கலாம். அத நெனைச்சா இப்பவும் எனக்கு ஒடம்பு கூசுது. எத்தனை பெரிய துரோகமுங்க அது!

நாகமணிகிட்ட, "முடியாது புள்ள. பேரு நீ குடுத்தது, நானு புடுங்குல"ன்னு சொல்லிட்டேன். அவ அழுவான்னு பாத்தேன். அழுகல. "எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லீங்களேக்கா. கையெழுத்துப் போடுன்னுதான சொன்னீங்க"ன்னா. காயிதத்த இந்த மேசை மேல வெச்சு, பறக்காம இருக்கத் தண்ணிச் சொம்பத் தூக்கி மேல வெச்சுட்டுப் போயிட்டா. கவிதா கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு இருந்துச்சு. "வா கண்ணு"ன்னு கூப்புட்டேன். பெரியம்மான்னு ஒரு வார்த்தை இல்ல. அவ அம்மாளக் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. அன்னிக்குப் பொங்குன சோத்த நானு திங்கவே இல்லீங்க.

மறுநாளு வெண்ணிலாவத் தேடிப் புடிச்சு சண்டை போட்டேன், ரோட்டுல வெச்சே. "என்ற நாகமணிய எங்கிட்ட இருந்து பிரிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?"ன்னு கேட்டேன். அவ கொரல ஒசத்துல. "யாரு எங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்க்கா. நீங்க சொன்னதையும் சொல்லல. உங்களுக்கும் ஒரு வழி இருக்கு. அந்தக் கவரோட வாங்க, முழுசா வெச்சுப் பாக்கலாம். கேஸு கீஸுன்னு எதுவும் வராது, தவணையத்தான் பிரிப்போம்"னா. எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்க. நானு சொன்னதச் சொல்லலியாம். நானு என்ன சொன்னேன் சொல்றதுக்கு? நாந்தான் ஒண்ணுமே சொல்லலியே!

அந்தக் காயிதம் இங்கதான் இருக்குது, காலண்டருக்குப் பின்னாடி. காட்டட்டுமா? வேண்டாம், இருக்கட்டும். அஞ்சு வரிதான். கவிதா கையெழுத்து, முத்து முத்தா இருக்கும். 'தெய்வானை, க/பெ பழனிச்சாமி ஆகிய நான்'னு ஆரம்பிக்குது. நானும் தெனமும் எடுத்துப் படிச்சுப் பாக்கறேன். பொய்யி ஒண்ணு இல்லீங்க அதுல. அதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது.

நேத்துப் பேனாவக்கூட எடுத்தேன். மெய்யாலுமே எடுத்தனுங்க. 'தெ'ன்னு வெச்சா முடிஞ்சுது. புள்ள படிச்சா எனக்கும் சந்தோசந்தான, ஊசி போட வேற ஊட்டுக்கா போவேன்? என்ற ஊட்டுக்காரரு பாத்துட்டு, "போட்டுரு, மிசின வித்துக் கட்டிக்கலாம்"னாரு. அவருக்கு என்ன தெரியும்? இவ ஒருத்திக்குப் போட்டா, மத்தவளுக சும்மா இருப்பாளுங்களா? ஆமாங்க, இன்னும் நாலு பேரு இருக்காளுங்க. கவருல மிச்சம் ஆறு அட்டை. ரெண்டு இவளுது, நாலு அவளுகளுது. அல்லாரும் ஆளுக்கொரு காயிதத்தத் தூக்கிக்கிட்டு இந்த வாசலுக்கு வருவாளுங்க. செவ்வாய்க்கெழம பாயில நானு எங்க உக்கார்றது? உறுதிமொழி யாரு சொல்றது? பேனாவ வெச்சுட்டேன்.

இன்னிக்குப் புதன். இன்னும் ரெண்டு நாளு இருக்குது. அதுக்குள்ள அவளே வருவான்னு இருக்கேன். வந்து, "அக்கா, தப்புப் பண்ணிட்டேன், அந்தப் பொண்ணு பேச்சக் கேட்டுட்டேன்"னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க, நானு என்ன வேணும்னாலும் செய்வேன். அவ வரமாட்டேங்கறா. காத்தால கதவப் பூட்டிட்டுப் போறப்ப இந்தப் பக்கம் தலையத் திருப்பறதில்ல. சாப்பிட்டீங்களான்னு கேட்டு நாலு நாளாச்சு. தெரியாமத்தான் கேக்கறேன், இப்படி ஒரு ஆலோசனை எந்த ஊருல இருக்குது? கடன் எத்தனைன்னு கேட்டமா, கட்ட வழி சொன்னமான்னு இல்லாம, யாரு கடன்னு நோண்டறது?

செரி, கருத்த முடிச்சு எழுதிக்குங்க. ஒண்ணு, மீட்டிங்கு பழையபடி தலைவி ஊட்டுல வெக்கோணும். ரெண்டு, கதவச் சாத்தக் கூடாது. மூணு, உள்ள ஒருத்தி என்ன சொன்னாலும் தலைவிக்குத் தெரியப்படுத்தோணும். நாலு, அந்த வெண்ணிலாவ வேற ஊருக்கு மாத்தோணும். அதப் பெருசா எழுதுங்க. எழுதிட்டீங்களா? எங்க, காட்டுங்க. என்ன அம்மிணி, மூணாவது மட்டுந்தான் அடிக்கோடு போட்டிருக்கீங்க? ஓ, சும்மா போட்டீங்களா. நல்லா இருக்குது கையெழுத்து.

கீழ என்னமோ கட்டம் இருக்குதே. பேரும் கையெழுத்துமா? இஷ்டம் இருந்தாப் போடலாமா. பேரில்லாமக் குடுத்தா எவன் மதிப்பான் அத, பேரு இருக்கோணும். ஆனா என்ற பேரு எதுக்குங்க அதுல? நானு குழுத் தலைவி. நாளைக்கு விசாரிக்கறேன் கிசாரிக்கறேன்னு வந்து நின்னா எனக்குத்தான் சங்கடம்.

நாகமணின்னு போட்டுக்குங்க. கதவு எண் பதினாலு. கையெழுத்துக்கூட நானே போட்டுத் தாரேன், எனக்குப் பழக்கந்தான். அவ ஒண்ணும் சொல்ல மாட்டாளுங்க. வெறும் பேரு தானுங்களே, அம்மிணி.